மாடி முழுக்க ஒரே ஆள்

எங்கள் பெரியம்மா கீபோர்டில் அடிக்கும் வேகத்தைப் பார்த்தால் கடல் அலையே கொஞ்சம் நின்று மூச்சு வாங்கும். பேசுகிறவர் வாயைத் திறப்பதற்குள் முற்றுப்புள்ளி வைத்துவிடுவாள். இதில் பொய் கால்வாசிதான்.

எங்கோ ஒரு கல்லூரியில் பாடம் நடக்கும். பெரியம்மா எங்கள் மாடி அறையில் ஹெட்போனோடு உட்கார்ந்து, கேட்பதை அப்படியே அடிப்பாள். அங்கே காது கேட்காத ஒரு மாணவி அதைத் திரையில் படிப்பாள். போன வாரம் பாடத்தின் நடுவே லைன் இரண்டு தடவை அறுந்தது. இன்னொரு தடவை அறுந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து பெரியம்மா சோற்றைக் கோழி மாதிரி கொத்துகிறாள்.

வில்லன் என் அண்ணன். மாடியில் பெரியம்மாவுக்குப் பக்கத்து அறையில் கேம் ஆடியே வீட்டு நெட் முழுவதையும் உறிஞ்சுகிறவன். நேற்று, கீழே கூடத்தில் இருக்கும் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தை என் போனில் திறந்தேன். நெட்டில் சேர்ந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் பெயரில்லாத ஒன்று பூதம் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. அண்ணனின் கம்ப்யூட்டர்தான், சிக்கினாயா தடியா என்று, இன்று காலை பத்து மணிக்கு அதன் நெட் நிற்கும்படி பூட்டுப் போட்டேன். பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை கவிழ்ந்தாலும் இதெல்லாம் எனக்கு அத்துப்படி.

இன்று ஒன்பதரைக்குப் பாடம் தொடங்கியது. ஒன்பது ஐம்பதுக்கு அண்ணன் செருப்பை மாட்டினான்.

"எங்க கிளம்பிட்ட?"

"முடி வெட்ட. கம்ப்யூட்டரை அணைச்சுட்டேன். போய் நோண்டாத, குரங்கே."

அவன் போன பிறகும் பட்டியலில் பூதம் இழுத்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் உறைத்தது. மாடியில் உள்ள எல்லாமே அங்கே மாட்டியிருக்கும் பழைய ரூட்டர் வழியாகத்தான் கீழே வருகின்றன. கீழ் ரூட்டரின் கண்ணுக்கு மாடி முழுக்க ஒரே ஆள். நான் பூட்டியது பெரியம்மாவையும் சேர்த்து!

பூட்டை எடுக்கப் போனேன். மாற்றம் செய்யப் பாஸ்வேர்டு கேட்டது; அடித்தால் தவறு என்றது. மறுபடி அடித்தேன். தவறு. பெரியம்மாவின் வயரைப் பழைய ரூட்டரிலிருந்து பிடுங்கிக் கீழ் ரூட்டரில் நேராக மாட்டலாம். ஆனால் பிடுங்கும் நொடியே மூன்றாவது தடவை ஆகிவிடும். ஒன்பது ஐம்பத்தேழு. மாடிக்கு ஓடினேன்.

பெரியம்மா முதுகைக் காட்டியபடி அடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் ஒரு வாக்கியம் போகும். கூப்பிடாவிட்டால் வேலையே போகும். எது மேல் என்று கணக்குப் போடுவதற்குள் கடிகாரத்தில் பத்து. கண்ணை மூடிக்கொண்டேன்.

விசைகளின் சத்தம் நிற்கவில்லை. பத்து ஒன்று. பத்து இரண்டு. பழைய ரூட்டரின் பச்சை விளக்கு அது பாட்டுக்குச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

பாடம் முடிந்து ஹெட்போனைக் கழற்றியவள் திரும்பினாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? பூட்டுப் போட்டவ வேடிக்கை பாக்க வந்தியா?"

"அண்ணனுக்குத்தான் போட்டேன் பெரியம்மா... உங்களுக்கும் சேர்த்து விழும்னு..."

"தெரியும். காலைலயே எடுத்துட்டேன். பாஸ்வேர்டையும் மாத்திட்டேன். உனக்குக் கொஞ்சம் வேர்க்கட்டும்னு சொல்லல."

"குளிச்சே முடிச்சுட்டேன்."

"அது கிடக்கட்டும்." கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். "அதே பக்கத்துல உன் போனுக்கு மட்டும் நெட் ஆமை வேகத்துல வர்ற மாதிரி வச்சிருக்கே, அது யாரு வேலை?"

"ரூட்டர்ல ஏதாவது கோளாறா இருக்கும்."

"ஆமா. என் லைன் அறுந்த அன்னிக்குச் சாயங்காலமே அந்தக் கோளாறு வந்திருக்குடி. தேதி போட்டிருக்கு."