பதினைந்து வலுப் படகில் நாற்பது வலு எஞ்சின்

காப்புறுதிக் கம்பனியின் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. படகில் அனுமதித்ததை விடக் கூடிய வலுவுள்ள எஞ்சின் பூட்டியிருந்தபடியால், காயப்பட்டவருக்கும் நட்டஈடு தர முடியாதாம். தவணைக் காசு வாங்கிய காலத்தில் ஒருவனும் வந்து என் எஞ்சினை எட்டிப் பார்க்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பழைய லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்றில் கல் ஏற்றத் தொடங்கி இன்று ஐந்து லொறி ஓட விட்டிருக்கிறேன். அதை எங்கு நின்றும் சொல்வேன். அறுபது வயதுக்குப் பிறகு, ஆசைக்கென்று வாங்கிய ஒரே சாமான் அந்தச் சின்னப் பைபர் படகு. ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டைமானாற்றில் ஓடுவேன்.

ஒருநாள் லண்டனிலிருந்து லீவில் வந்த ஒருவர் தன் படகில் என்னை முந்திக்கொண்டு போனார். கையையும் காட்டினார். அடுத்த கிழமையே நாற்பது குதிரைவலு எஞ்சின் வாங்கினேன். லொறிக்குப் பெரிய எஞ்சின் போட்டால் லொறி நன்றாக இழுக்கும். நாற்பது வருடத் தொழிலில் நான் கண்ட உண்மை அது. தண்ணீருக்கு வேறு கணக்கு இருக்கும் என்று நான் யோசிக்கவேயில்லை.

பூட்ட வந்த மெக்கானிக் படகின் பின்பக்கத் தகட்டைத் தொட்டுக் காட்டினான்.

"அண்ணை, இதிலை பதினைஞ்சுக்கு மேலை வேண்டாமெண்டு கிடக்கு. பின்பக்கம் தாழும்."

"நீ பூட்டு. ஓடப்போறது நான்."

தகட்டில் இருந்தது இங்கிலிஷ். ஆனால் பதினைந்து என்ற இலக்கத்தை வாசிக்க எனக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை.

பூட்டி மூன்றாம் ஞாயிறு காலை விசையை முழுதாய்த் திருப்பினேன். பின்பக்கம் அமிழ்ந்து முன்பக்கம் சுவர் போல எழும்பியது. முன்னால் வானம் மட்டும்தான் தெரிந்தது. ஒருவர் தோணியில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்ததை நான் காணவில்லை. இடித்த சத்தம்தான் கேட்டது. அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது.

பொலிசார் எழுதியதில் எஞ்சினின் வலு இல்லை. காப்புறுதி முகவர் அதைக் கேட்டுவிட்டு, கம்பனியிலிருந்து பார்க்க ஆள் வருவதற்கு முன் பழைய பதினைந்து வலு எஞ்சினைக் கொழுவச் சொன்னார். கம்பனி பணம் தந்தால் அந்த மனிதருக்கும் நல்லதுதானே என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவரும் ஒத்துச் சொல்ல வேண்டுமே என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அவர் காலைத் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"சொல்லுறன் அண்ணை. எனக்கும் காசு வேணும், ரெண்டு பிள்ளையள். ஆனா ஒண்டு. நீங்கள் பதினைஞ்சிலை வந்திருந்தா நான் விலகியிருப்பன். சத்தம் கேட்டுத் திரும்பேக்கை நீங்கள் எனக்கு மேலை நிக்கிறியள்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மீதா, முகவர் மீதா, என் மீதா என்று அந்த நேரம் தெரியவில்லை. இடித்தது போதாதென்று, அவர் வாயாலேயே பொய்யும் சொல்ல வைக்கப் பார்த்தேன். எழும்பி வந்துவிட்டேன்.

பார்க்க வந்த ஆளுக்கு நாற்பதைத்தான் காட்டினேன். தகட்டையும் காட்டினேன். அவர் படம் எடுத்துக்கொண்டு போனார். பிறகு வந்ததுதான் அந்தக் கடிதம்.

இரண்டு லொறியை விற்று அவருடைய காலுக்கும் வீட்டுக்கும் பார்க்கிறேன். கவனயீனமாகப் படகு ஓட்டிக் காயப்படுத்தியதாக என் மேல் வழக்கு நடக்கிறது. நாற்பது பூட்டியது நான்தான் என்று அங்கும் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பெரிய மனசு என்று ஊரில் சிலர் கதைக்கிறார்கள். கம்பனிக் கடிதத்தை விட அதுதான் எனக்குக் கூடுதலாக எரிகிறது. அந்த மனிதர் இப்போது பொல்லூன்றிக் கரையில் நிற்கிறார். அவருடைய தோணியில் வேறொருவன் வலை இழுக்கிறான்.