படம் எடு, படத்தை எடு

எங்கள் மேடத்துக்குத் தாய்மொழி தெலுங்கு. தமிழும் நன்றாகவே பேசுவார். ‘கதவை’, ‘டேபிளை’ என்று முடிவில் வரும் இந்த ‘ஐ’ மட்டும் அவர் வாயில் வராது. “கதவு மூடுங்க”, “டேபிள் துடைங்க” என்பார். பன்னிரண்டு வருடமாக அவர் விழுங்கிய ‘ஐ’யை நானே போட்டுப் புரிந்துகொண்டு வந்தேன். ஊரடங்கில் அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என் காலை வாரிவிட்டது.

நான் வேலை பார்த்தது திருப்பதியில் ஒரு சின்ன ஓவியக் கூடம். கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போய் அங்கேயே தங்கிவிட்ட ஒருவர், தன் அப்பா சேர்த்த பழைய சாமி படங்களுக்காகக் கட்டியது. எங்களுக்கு அவர் ‘சார்’. பலகையில் துணி ஒட்டி, தங்கரேக்கு பதித்து, கண்ணாடி போட்ட பதினோரு படங்கள். மலையிலிருந்து இறங்கி, பஸ்ஸுக்கு நேரமிருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். மேடம் பொறுப்பாளர், நான் உதவியாளர். அதாவது, கூட்டிப் பெருக்குவதும் நான்தான், படங்களைப் பற்றி விளக்குவதும் நான்தான்.

கொரோனா வந்து மலையில் தரிசனம் நின்றதும் நாங்களும் மூடினோம். மேடம் ஹைதராபாத்தில் மகன் வீட்டில் மாட்டிக்கொண்டார். வாட்ச்மேன் சித்தூர்ப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் அடைபட்டுக் கிடந்தார். சாவி என்னிடம் இருந்தது. படங்களில் பூசணம் பிடிக்காமலிருக்க, வாரத்துக்கு ஒருநாள் போய்க் கொஞ்ச நேரம் ஃபேன் ஓடவிட்டு வருவேன்.

அப்படிப் போயிருந்த ஒருநாள் மேடம் கூப்பிட்டார். “சார் சொல்லிட்டார்மா. பதினோரு படமும் இன்னைக்கே எடுத்துடுங்க.” அதோடு லைன் போய்விட்டது.

கூடத்தையே இழுத்து மூடப்போகிறார்கள் என்று நினைத்தேன். அழுகை வந்தது. அழுதுகொண்டே ஸ்டூல் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்ளறையில் போர்வை விரித்துச் சாய்த்து வைத்தேன். கழற்றக் கழற்ற, பின்னால் சுவர் ஊறிப்போயிருந்தது தெரிந்தது. தொட்டால் கை ஈரமானது. பத்துப் படங்கள் வந்துவிட்டன. பதினோராவது பள்ளிகொண்ட பெருமாள், ஆறடி நீளம். அசைக்கக்கூட முடியவில்லை.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். “தனியா தூக்கிக்கினு நிக்காத. எலும்பு ஒடஞ்சா புத்தூர் போய் கட்டு கட்றதுக்குக்கூட இப்ப பஸ் இல்ல” என்றார்.

சரி, மேடத்தையே கேட்போம் என்று கூப்பிட்டேன். விஷயம் தெரிந்ததும் கத்த ஆரம்பித்துவிட்டார். “நான் போட்டோ எடுக்கச் சொன்னேன், இன்டர்நெட்ல போட! யார் கழட்டச் சொன்னது? பன்னெண்டு வருஷம் ஆச்சு, நான் சொல்றது கூடவா புரியல?”

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. போனை வைத்துவிட்டு, பத்துப் படங்களையும் போனில் எடுத்து அனுப்பினேன். கூடவே ஈரச்சுவரையும் எடுத்து அனுப்பினேன், பார்க்கட்டும் என்று. ஐந்து நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. “சரிம்மா. பெரிசும் எடுத்துடுங்க.”

இப்போது எனக்குத்தான் எல்லாம் புரிந்துவிட்டதே! பெருமாளுக்கு நேரே நின்று போட்டோ எடுத்தேன், அனுப்பினேன், பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எதிர் மருந்துக்கடையில் இரண்டு பேர் சும்மா நின்றிருந்தார்கள். கூப்பிட்டிருந்தால் கை கொடுத்திருப்பார்கள்.

மறுநாள் எங்கள் தெருவில் தொற்று என்று தெருமுனையில் தகரம் அடித்துவிட்டார்கள். இடையில் மழை வேறு. மூன்று வாரம் கழித்து நான் கதவைத் திறந்தபோது பெருமாள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தார். மேடம் ஊர் திரும்பியதும், வேலை தெரிந்த ஆட்களை வைத்துப் பதமாகத்தான் கண்ணாடியைத் தூக்கினோம். முகம் கண்ணாடியோடு வந்துவிட்டது. “நான் இறக்கத்தானேம்மா சொன்னேன்” என்றார் மேடம். அன்று அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

இன்டர்நெட்டில் அந்தப் படத்துக்குத்தான் பாராட்டு அதிகம். வெளிநாட்டிலிருந்தெல்லாம் கும்பிட்டு எழுதுகிறார்கள். உற்றுப் பார்த்தால் கண்ணாடியில், பெருமாளின் மார்புக்கு நேரே, மாஸ்க் போட்டு இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்திருக்கும் ஒரு பெண் தெரிவாள். அந்த நிழலைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம் என்று மேடம் சொன்னார்.

“வேணாம் மேடம், இருக்கட்டும்” என்றேன்.

அன்று பெருமாள் முன்னால் நின்றது நான் ஒருத்திதான். படம் எடுத்தேன். படத்தை எடுக்கவில்லை.