துரைக்கு ஒரு மணல் தொட்டி

கொத்தனார் வீட்டு நாய் துரை மூன்று ரோஜாச் செடிகளைத் தோண்டிப் போட்டிருந்தது. "நாலாவது போச்சுன்னா நாயை உங்க தங்கச்சி வீட்டுல விட்டுடுவேன்," என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். அங்கே போனால் துரைக்கு நாளெல்லாம் சங்கிலிதான். கொத்தனாருக்கு அந்த நினைப்பே பொறுக்கவில்லை.

அது தோண்டுவதற்கென்றே தோட்டத்து மூலையில் ஒரு தொட்டி கட்டினார். முப்பது வருடப் பழக்கம் சும்மா விடுமா? நூல் பிடித்துச் செங்கல் வைத்து, சலித்த மணலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, தளம்போல் இறுக இடித்துவிட்டார். துரை மோந்து பார்த்துவிட்டு நேராக ரோஜாப் பக்கம் நடந்தது.

"டேய் துரை, இங்க பாரு! இப்படித் தோண்டணும்." அவர் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் மணலைப் பின்னால் வாரி இறைத்தார். துரை திரும்பி வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

மனைவி வெளியே வந்தாள். "என்னங்க இது கூத்து?"

"சொல்லிக் குடுக்கறேன்."

"கல்லு மாதிரி இடிச்சு வச்சா அது எப்படித் தோண்டும்? அதுமேல மாடியா கட்டப் போறீங்க?"

அவர் முழங்கை ஆழம் தோண்டியதும் மணல் இளகியது. துரை உள்ளே தாவி, அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டுத் தோண்டத் தொடங்கியது. மணலெல்லாம் அவர் முகத்தில் விழுந்தது.

"சரி, நாய் இங்கயே இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் மனைவி. "ஆனா தினமும் நீங்கதான் தோண்டி ஆரம்பிச்சு வைக்கணும்."