நாலுதான் என்று சொன்னேன்

என் ராத்தா றஸீனாவைப் பற்றி ஏறாவூரில் யாரைக் கேட்டாலும் பொறுமையான பெண் என்பார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுமை அவளுடைய குணமே இல்லை. சின்ன வயதில் என் சோற்றுக் கோப்பையில் மீன் துண்டு கொஞ்சம் பெரிதாக இருந்தால் கையை நீட்டிப் பறித்துவிடுவாள். கடைக்காரன் மாற்றிப் பேசினால் கடை வாசலிலேயே வைத்துக் கிழிப்பாள். அப்படிப்பட்டவளைப் பொறுமைக்காரியாக ஆக்கியது நாங்கள். அதில் பெரிய பங்கு அவளுடைய ஒரே தங்கையான என்னுடையது. என் பெயர் கைறுன்னிஸா.

எங்கள் பக்கத்தில் வீடு இல்லாத பெண்ணுக்குக் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளை வந்து பெண்ணுடைய வீட்டில்தான் குடியிருப்பார். வாப்பா ராத்தாவுக்கு எங்கள் காணி வளவின் முன்பக்கத்தில் மூன்று அறை வைத்துப் பெரிய வீடு கட்டினார். எனக்கு அதே வளவில் பின்பக்கம் ஒரு சின்ன வீடு. ராத்தாவுக்கு வந்த மாப்பிள்ளை அம்ஜத் மச்சான், கணித ஆசிரியர். எனக்கு வந்தவர் றிஸான், புடவைக் கடையில் வேலைக்கு நின்றவர். நான் இரண்டாம் வருடமே மூத்த மகள் நஸ்ஹாவைப் பெற்றேன். ராத்தாவுக்கு ஒன்றும் தங்கவில்லை.

ஏழு வருடம் கொழும்புக்கு அலைந்தாள். அது சண்டைக் காலம். ஊசி மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போவாள். ஒருமுறை சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பிளாஸ்கைத் திறக்கச் சொல்லி, இது என்ன என்று கேட்டிருக்கிறான். அவளுக்குச் சிங்களம் வராது. “பேபி” என்றாளாம். அவன் சிரித்துக்கொண்டு மூடியை அவனே பூட்டிக் கொடுத்தானாம். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அவளும் சிரிப்பாள். மூன்றாம் முறையும் கரு நிற்காமல் போனபிறகு அந்தக் கதையைச் சொல்வதை விட்டுவிட்டாள்.

வேறொரு பெண்ணின் முட்டையை எடுத்து வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். அது மார்க்கத்தில் கூடாது என்று அம்ஜத் மச்சான் ஒரே சொல்லில் முடித்தார். அவருடைய உம்மா வேறு வழி சொன்னார். மகனுக்கு இன்னொரு கல்யாணம். அதையும் ராத்தாவை இருத்தி வைத்துக்கொண்டே சொன்னார். ராத்தா எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்று பின்னேரம் என்னிடம் வந்து, “நான் ஒரு புள்ளய எடுத்து வளக்கப் போறன் புள்ள. நீ எனக்கு ஒரு உதவி செய்யணும்,” என்றாள்.

அவள் கேட்ட உதவி இதுதான். எடுத்து வளர்க்கிற ஆண் பிள்ளை நமக்கு அந்நியன். வளர்ந்து பெரியவனானால் வளர்த்த தாயே அவன் முன்னால் முக்காடு இல்லாமல் வரக்கூடாது, தொடக்கூடாது. இதற்கு மார்க்கத்தில் ஒரு வழி இருக்கிறது. இரண்டு வயதுக்குள் அந்தப் பிள்ளைக்கு ஒரு பெண் ஐந்து முறை வயிறு நிறையப் பால் கொடுத்தால் அவள் அவனுக்குத் தாய். அவளுடைய பிள்ளைகள் அவனுக்குக் கூடப்பிறந்தவர்கள். அவளுடைய சகோதரி அவனுக்குச் சொந்தப் பெரியம்மா, முக்காடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அப்போது என் இரண்டாவது மகள் ஸாதியாவுக்கு மூன்று மாதம். எனக்குப் பால் வடிந்து சட்டை நனைந்துகொண்டிருந்த காலம்.

“இதென்ன பெரிய வேலையா ராத்தா,” என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

நன்னடத்தை அலுவலகத்தின் மூலம் பிள்ளை வந்தான். ஆஸ்பத்திரியில் யாரோ விட்டுப்போன பிள்ளை, ஸாதியாவை விட இரண்டு மாதம் மூத்தவன். ஷிஹான் என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தா அவனை என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்துவாள். அவன் குடிக்கக் குடிக்க அவளுடைய வாயும் சேர்ந்து அசையும். நாலு நாள் அப்படிப் போனது. ஐந்தாம் நாள், பிள்ளையைத் தத்தெடுக்கிற விஷயமாக மட்டக்களப்புக் கோர்ட்டுக்கு வரச்சொல்லி அவளுக்கு அறிவித்தல் வந்தது. பிள்ளையை என்னிடம் விட்டுப் போனாள். வீட்டில் நானும் பிள்ளைகளும்தான். நான் கொடுத்தேன். திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்ற முதல் கேட்டாள்.

“குடிச்சானா?”

“ஓம் ராத்தா.”

அடுத்த நாள் வட்டிலப்பம் அவித்து எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகக் கொடுத்தாள். அவளை அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஷிஹானுக்கு இரண்டரை வயதானபோது, அந்தப் பெரிய வீட்டை அவனுடைய பெயருக்கு எழுதப் போவதாக ராத்தா சொன்னாள். எங்கள் வீட்டில் அன்று சோறு இறங்கவில்லை. மூத்தவள் நஸ்ஹாவுக்கு எங்களுடைய வீடு. ஸாதியாவுக்கு ராத்தாவின் வீடு. யாரும் யாரிடமும் கேட்காமலே இப்படி ஒரு கணக்கு எங்கள் மனதில் இருந்திருக்கிறது. பிள்ளை இல்லாதவளுடைய வீடு தங்கையின் பிள்ளைக்கு வரத்தானே வேணும் என்று நினைத்திருந்தோம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவளுக்கு மூன்றாம் முறையும் தவறியபோது நான் உண்மையாகவே அழுதேன். ஆனால் இந்தக் கணக்கும் அந்த அழுகைக்குள் எங்கோ கிடந்தது.

றிஸான் என்னைக் கேட்டார்:

“அஞ்சு தரம் குடுத்தது உனக்கு நல்லாத் தெரியுமா? கடைசித் தரம் ராத்தா இல்லையே.”

அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. அவர் மேல் பழியைப் போட எனக்கு இடமே இல்லை.

“நாலோ என்னமோ,” என்றேன் நான். நாலு என்றால் பிள்ளை அந்த வீட்டில் நிற்க மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாகவே ஓடியது. றிஸான் அம்ஜத் மச்சானிடம் போய்ச் சொன்னார். சட்டம் என்றால் ஒரு நூலும் பிசகாத மனிதர் அவர். மௌலவியைக் கூட்டிவந்து வீட்டு மண்டபத்தில் இருத்தினார். நானும் ராத்தாவும் திரைக்குப் பின்னால் இருந்தோம். ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஷிஹான் அவளுடைய முதுகில் ஏறி விளையாடிக்கொண்டிருந்தான்.

மௌலவி மெதுவாகத்தான் கேட்டார். “தங்கச்சி, பயப்படாம செல்லுங்க. அஞ்சாவது தரம் புள்ள குடிச்சிச்சா?”

“நித்திரையாப் போயிட்டான். வாய் வைக்கல்ல. நாலுதான்.”

ராத்தா என் கையை உதறுவாள் என்று நினைத்தேன். உதறவில்லை. நான் பயந்து நடுங்குகிறேன் என்று எண்ணி இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அன்றைக்கு எங்கள் உம்மா உயிரோடு இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார். ராத்தா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. “பாவம், நீ என்ன செய்வாய். நான் கவலப்படக் கூடாதெண்டுதானே அண்டைக்கு ஓம் எண்டாய்,” என்றாள் பிறகு. என் பொய்க்கு அவளே ஒரு நல்ல காரணமும் கண்டுபிடித்துத் தந்தாள்.

ஐந்துக்குக் குறைந்தால் பால் உறவு இல்லை என்று மௌலவி சொல்லிவிட்டார். பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டிவிட்டதால் திரும்பக் கொடுத்தும் பயனில்லை. பிள்ளையைத் திருப்பிக் கொடுப்போம் என்றார் அம்ஜத் மச்சான்.

“கடையில வாங்கின சாமானா, குடுத்து மாத்த?” என்றாள் ராத்தா.

அது அவளுடைய பழைய குரல். கடைசியாக அன்றைக்குத்தான் அது கேட்டது. நாலு மாதத்தில் அம்ஜத் மச்சான் ஓட்டமாவடியில் கல்யாணம் முடித்து, அந்தப் பெண்ணுடைய வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு இப்போது மூன்று பிள்ளைகள்.

ராத்தா அபாயா தைத்து ஷிஹானை வளர்த்தாள். பன்னிரண்டு வயது வரை அவளுடைய சேலைத் தலைப்புக்குள் கிடந்த பிள்ளை. ஒரு வெள்ளிக்கிழமை அவனைக் கூப்பிட்டு இருத்தி, “இனி நீ பெரிய ஆள் மனே. முன்னறையில படு. உம்மா முக்காட்டோடதான் இருப்பன், நீ தப்பா நினைக்காத,” என்றாள். அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு போனான். அவள் யாருக்கும் காட்டுவதற்காக அப்படிச் செய்யவில்லை. அல்லாஹ்வுக்குப் பயந்துதான் செய்தாள். எனக்கு அந்தப் பயம் இருந்திருந்தால் அவளுக்கு அந்த நிலை வந்திராது.

பதினாலு வயதில் அவனுக்கு டெங்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அனலாகக் கிடந்தான். ராத்தா தன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவனுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நோயாளியைத் தொட மார்க்கம் இடம் கொடுக்கிறது என்று தாதி ஒருத்தி, அவளும் நம்முடைய ஆள்தான், எடுத்துச் சொன்னாள். ராத்தா கேட்கவில்லை. “பழகிப் போயிரும். பிறகு என்னால விட ஏலாது,” என்றாள். நான் கட்டிலின் மற்றப் பக்கத்தில் நின்றேன். அந்தப் பிள்ளையை வெறும் கையால் தொடக்கூடிய தாய் நான்தான். ஒரு சொல் சொல்லியிருந்தால் அவளும் தொட்டிருப்பாள். தோடம்பழத்தை உரித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பதினெட்டில் அவன் கட்டாருக்குப் போனான். வீடியோவில் அழைப்பு வந்தால் ராத்தா முதலில் முக்காட்டுக்கு ஊசி குத்துவாள், பிறகுதான் போனை எடுப்பாள். சில நேரம் அதற்குள் அழைப்பு அறுந்துபோகும்.

போன மாதம் ராத்தா நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு எங்களுடைய வீட்டுக்கு வந்தாள். றிஸானும் இருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“ஸாதியாவ என்ட ஷிஹானுக்குத் தாங்க. ரெண்டு பேருக்கும் இருபது வயசு. வீட்ட ரெண்டு பேருக்குமா எழுதுறன். ஆரோ ஒருத்தி வந்து அவனக் கொண்டுபோகாம, என்ட கண்ணுக்கு முன்னால இருப்பான்.”

றிஸானுக்கு வாயெல்லாம் பல். வீடும் வந்தது, தெரிந்த மாப்பிள்ளையும் வந்தான். அவரைப் பொறுத்தவரை அவன் நாலு முறை குடித்தவன், அந்நியன், கல்யாணத்துக்குத் தடையில்லை. உள்ளே ஸாதியா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தில் ஒரு வெட்கம் தெரிந்தது.

“வயசு காணாது,” என்றேன். “அவள் படிக்கட்டும்,” என்றேன். “சொந்தத்துக்குள்ள வேணாம்,” என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

“சொந்தமா? ஆர் சொந்தம்? நாலு எண்டு நீதானே செல்லினாய்,” என்று சிரித்தார் றிஸான்.

இரண்டு நாளில் மௌலவியைக் கண்டு நாள் பார்க்கவும் போய்விட்டார். நான் அண்ணனுக்கும் தங்கைக்கும் கல்யாணம் செய்து வைக்கப் போகிறேன். ராத்தாவுடைய மடியை வெறுமையாக்கிய அந்தச் சொல்லால் நான் பெற்ற பிள்ளையைச் சுடப்போகிறேன். ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ராத்தாவுக்காகப் பதினேழு வருடமாகத் திறக்காத வாய், என் மகளுக்கென்றதும் இரண்டு நாளில் திறந்தது.

காலையில் போனேன். ராத்தா தையல் மெஷினில் இருந்தாள்.

“ராத்தா, அஞ்சுதான்.”

மெஷின் நின்றது. எதற்கு ஐந்து என்று அவள் கேட்கவில்லை.

“நித்திரையாப் போகல்லியா?”

“இல்ல.”

“எவ்வளவு நேரம் குடிச்சான்?”

“கனநேரம். ரெண்டு பக்கமும் குடிச்சான். கடவாயால வழிஞ்சி என்ட சட்டையெல்லாம் பால்.”

அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நல்லது.

“அவனுக்குக் காய்ச்சல் வந்த நேரம் நீ எனக்கு முன்னாலதானே நின்டாய் கைறுன்,” என்றாள். “நான் துணி சுத்துறதப் பாத்துக்கிட்டுத்தானே நின்டாய்.”

மடித்த துணியை மெஷின் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“வீட்டுக்காகவா?”

“ஓம்.”

“என்னட்டக் கேட்டிருந்தா தந்திரிப்பனே புள்ள. எழும்பிப் போ.”

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. கல்யாணப் பேச்சு நின்றது. றிஸான் கடையிலேயே சாப்பிட்டுக்கொள்கிறார். ஸாதியா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அவனை இனி அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்று கூப்பிடவேண்டுமா என்று கேட்டாள். மௌலவி ராத்தாவின் வாயாலும் என் வாயாலும் கேட்டறிந்து, அவன் பால் உறவுதான், இனி முக்காடு தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ராத்தா அன்றே ஷிஹானுக்குப் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவன் “சரி உம்மா” என்று மட்டும் சொன்னானாம்.

நேற்று அவன் லீவில் வந்தான். எங்கள் வீட்டில் நான் சமைக்கிற குசினி ஜன்னலால் பார்த்தால் அவர்களுடைய பக்க வாசல் தெரியும். எயார்போட்டிலிருந்து வான் வந்து நின்ற சத்தத்துக்கு ராத்தா வெளியே வந்தாள். தலையில் ஒன்றும் இல்லை. முடி பாதிக்குமேல் நரைத்திருந்தது. எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். சால்வை தோளில் கிடந்தது. இரண்டு கையையும் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு படியில் நின்றாள்.

ஷிஹான் பெட்டியோடு நாலடி நடந்து வந்தவன், அவளைக் கண்டதும் நின்றுவிட்டான். முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டான். அவனுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. காது வரை சிவந்து, மதிலைப் பார்த்தபடியே சொன்னான்:

“உம்மா, முக்காட்டப் போடுங்க. எனக்கு ஒரு மாதிரி இரிக்கி.”

ராத்தா நீட்டிய கையை மடக்கினாள். பிறகு சால்வையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, அவனுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றாள்.