செல்வத்துக்குத் தைத்த குர்தா

எனக்கு முதலில் துரோகம் செய்தவர் கம்பவுண்டர் நிமாய் பாபு. அதைச் சொல்லிவிட்டுத்தான் தொழிலுக்கு வருவேன். தையல் தொழிலில் துணி சுருங்கினாலும் டெய்லர்தான் காரணம், ஆள் பெருத்தாலும் டெய்லர்தான் காரணம். மெஷின் மிதித்துப் பிழைக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் நம்பினால் போதும்.

போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் ஒரு மெஷினும் ஒரு ஸ்டூலும் கொள்ளும் அளவுக்குக் கடை வைத்திருந்தேன். பரமக்குடியில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கப்பலை விட்டு இறங்கிய பிறகு இந்தியைக் காதால் படித்தேன். போர்ட் பிளேரில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, நாம் எல்லோரும் ஒருவரை ஒருவர் திட்டுவதற்குக்கூட இந்திதான் வேண்டும். அந்த இந்தியில் வடக்கத்தி ஜிப்பாவுக்குக் குர்தா என்று பேர். கிட்னிக்கும் குர்தாதானாம். முதல் எழுத்தைக் கனமாகச் சொன்னால் கிட்னி, லேசாகச் சொன்னால் சட்டை. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘கு’. இது என் குற்றமா என்று நீங்களே சொல்லுங்கள்.

நிக்கர் தகராறு

டெலானிபூர் மேட்டில், அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்த காளியம்மாவின் மகன் செல்வம். பதினேழு வயது. சுதந்திர தின ஓட்டப் பந்தயத்தில் அவன் முதலில் வருவதும் மற்றவர்கள் இரண்டாவதாக வரச் சண்டை போடுவதும் ஊருக்குப் பழகிப்போயிருந்தது. அவன் ஓடுகிற நிக்கர் நான் தைத்தது.

அந்த வருஷம் அந்த நிக்கர் என்னைப் படாத பாடு படுத்தியது. காலையில் சரியாக இருக்கும், சாயங்காலம் பட்டன் போட முடியாது. பிரித்து விட்டுக் கொடுத்தேன். இரண்டு நாளில் லூஸ் என்று வந்தான். பிடித்துக் கொடுத்தேன். மறுபடி டைட். “இடுப்பு ஒரு நிலைமையில இருந்தாத்தானடா அளக்க முடியும்?” என்று கேட்டேன். கூட வந்திருந்த டிரில் மாஸ்டர், பையனின் காலில் சாக்ஸ் பதிந்த பள்ளத்தையும் பார்க்கவில்லை, ஊதியிருந்த முகத்தையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்:

“டெய்லரே, பையன் ஒழுங்காத்தான் இருக்கான். உங்க டேப்புதான் மழையில நனைஞ்சு சுருங்கிப்போச்சு.”

கம்பவுண்டர் கொண்டுவந்த செய்தி

அடுத்த வாரமே செல்வம் மைதானத்தில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். டிரில் மாஸ்டர் என் கடை இருக்கிற பக்கமாக வருவதை விட்டுவிட்டார்.

ஒருநாள் நிமாய் பாபு தன் பேண்ட்டை வாங்க வந்தார். அந்த ஆஸ்பத்திரியில்தான் அவருக்குக் கம்பவுண்டர் வேலை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. “லட்கே கோ குர்தா சாஹியே” என்றார். பையனுக்குக் குர்தா வேண்டுமாம். மெயின்லேண்டுக்குக் கொண்டுபோகிறார்கள், நல்லதாக ஒன்று போட்டுப் போகட்டும் என்று நினைத்திருப்பார்கள் என நான் நினைத்தேன். துணி யார் கொடுப்பது என்று மனதில் வைத்துக்கொண்டு, “யாரிடமிருந்து எடுப்பது?” என்று கேட்டேன். அம்மாவிடமிருந்து என்றார். பழைய சேலையாக இருக்கும். “வெட்டியா?” என்றேன். பிறகு எப்படி என்பது போல என்னைப் பார்த்தார். பேண்ட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில் சொன்னார்:

“ஜல்தி கர்னா படேகா, பாயி. லேட் ஹுவா தோ லட்கா நஹி பசேகா.”

சீக்கிரம் செய்யாவிட்டால் பையன் பிழைக்கமாட்டானாம். ஒரு சட்டைக்கு இவ்வளவு அவசரமா என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் வாடிக்கைக்காரர் எல்லோருமே இப்படித்தான் பேசுகிறார்கள்.

காளியம்மாவின் சம்மதம்

கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு அன்றே டெலானிபூர் ஏறினேன். காளியம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

“கம்பவுண்டர் சொன்னாரும்மா. உன்கிட்ட இருந்துதான் எடுக்கணுமாம்.”

“தெரியும்ணே. அவங்கப்பா ரத்தம் சேரலை. என்னுது சேருது. எனக்குச் சம்மதந்தான்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ரொம்ப வலிக்குமாண்ணே?” என்றாள்.

“வெட்டையில மனசு கஷ்டமாத்தான் இருக்கும். உனக்குத்தான் இன்னொண்ணு இருக்குமே.”

“அதைத்தான் டாக்டரும் சொன்னாரு.”

டாக்டர் எதற்குச் சேலையைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டே பையைத் திறந்து கத்தரியை எடுத்தேன். காளியம்மா எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“நீங்களாண்ணே வெட்டப்போறீங்க?”

பிறகு இருவரும் ஒருவர் சொன்னதை ஒருவர் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவள் சிரித்தாள். மகன் விழுந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காளியம்மா பெட்டியைத் திறந்து ஒரு நீலச் சேலையை எடுத்து என் கையில் வைத்தாள்.

“அதையும் வெட்டட்டும், இதையும் வெட்டுங்க. புள்ளை வந்தாப் போதும்ணே.”

பஜாரில் என் பேர்

விஷயத்தைப் பஜார் முழுக்கப் பரப்பியவர் நிமாய் பாபுதான். அவர் சரியாகத்தான் உச்சரித்தாராம், என் காதில்தான் கோளாறாம். டீக்கடையில் என்னைக் காட்டி நடித்தே காட்டினாராம், கத்தரியோடு. அன்றிலிருந்து எனக்குக் குர்தா டெய்லர் என்று பேர். அந்தப் பேரில் எந்தக் ‘கு’ என்று கேட்டுக்கேட்டுச் சிரிப்பார்கள்.

கறிக்கடை காதர் பாய் ஒருநாள் கடைக்கு வந்தார். அளவு எடுக்க டேப்பை விரித்தேன். கையை உயர்த்தி நின்றுகொண்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்:

“எனக்கு ஒரு ஈரல் தைக்கணும், வே. சைடுல ரெண்டு பாக்கெட் வச்சிரும்.”

எந்த உடம்புக்கு

கப்பல் வரவில்லை. வருகிறது என்றார்கள், கல்கத்தாவில் ரிப்பேர் என்றார்கள், புயல் என்றார்கள். வந்தால்தான் மெட்ராஸ், மெட்ராஸ் போனால்தான் ஆபரேஷன். செல்வத்துக்கு ஒருநாள் முகம் பானை மாதிரி இருக்கும், ஒருநாள் கன்னம் ஒட்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு விட்ட நாட்களில், ஓடிய கால் மேடு ஏறமுடியாமல் என் கடைப்படியில் உட்கார்ந்து, கப்பல் சங்கு கேட்கிறதா என்று பார்ப்பான். கப்பல் எங்கேயடா என்று நான் அலுத்துக்கொண்டால், அதுவும் தன்னைப்போல மூச்சு வாங்கிக்கொண்டுதான் வரும் என்பான்.

நீலச் சேலை வெட்டாமலே கிடந்தது. அளவு எடுத்தால்தானே வெட்டுவதற்கு? திங்கட்கிழமை எடுத்த மார்பளவு வியாழக்கிழமை பொய்யாகிவிடும். கடைசியில் டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அவனிடமே கேட்டுவிட்டேன். “எந்த உடம்புக்குத்தான் தைக்கட்டும்? நீயே சொல்லு.”

தண்ணீர் குடிக்கக்கூடாது என்று டாக்டர் கட்டுப்பாடு. காய்ந்த உதட்டை நனைத்துக்கொண்டு சொன்னான்:

“திரும்பி வர்றவனுக்குத் தைங்க மாமா.”

அவன் ஓடிய காலத்துப் பழைய சட்டை அளவை வைத்து வெட்டினேன். தோளில் மட்டும் கொஞ்சம் தாராளம் விட்டேன். கப்பல் ஏறுகிற அன்று அது அவனுக்கு வயிற்றில் ஏறவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

ஒட்டு வேலை

மழைக்காலம் ஒன்று போய் அடுத்தது ஆரம்பித்த பிறகு காளியம்மாவும் செல்வமும் வந்த கப்பலைத் துறைமுக ஜெட்டியில் கட்டினார்கள். நானும் போயிருந்தேன். மேல்படியில் நீலம் தெரிந்தது. காளியம்மா சேலை மாதிரி இருக்கிறதே என்று பார்த்தேன். அவளுக்குப் பக்கத்தில், அவள் சேலையில் நான் தைத்த குர்தாவுக்குள், செல்வம் நின்றுகொண்டிருந்தான்.

மருந்தால் முகம் மட்டும் உருண்டையாக இருந்தது. தோள் சரியாக உட்கார்ந்திருந்தது. என்ன செய்தார்கள் என்று கேட்டேன். பழைய கிட்னி இரண்டையும் உள்ளேயே விட்டுவிட்டு, அம்மாவுடையதை முன்பக்கம் அடிவயிற்றில் வைத்துத் தைத்துவிட்டார்களாம். கிழிந்ததை எடுக்காமல் மேலே ஒட்டுப் போட்டு நான் கொடுத்தால் எந்த வாடிக்கைக்காரர் சும்மா விடுவார்? அதைச் சொன்னேன். செல்வம் வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னான்:

“அவங்க தையல் பிரியலை மாமா. பெல்ட் போடக்கூடாது, இடுப்பு இறுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரியில எல்லாரும் என்ன போடறதுன்னு முழிச்சாங்க. நான்தான் இதை எடுத்து மாட்டினேன்.”

பின்னாலேயே நிமாய் பாபு நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டவர், இப்போதாவது என் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் குர்தாவின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஜெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

“மைனே போலா தா நா? லட்கே கோ குர்தா சாஹியே.”

நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்கிறார். இந்தத் தடவை அவர் எந்தக் ‘கு’வைச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. செல்வம் இப்போது ஓடுவதில்லை, பையன்களை ஓடவிட்டு விசில் ஊதுகிறான். நிமாய் பாபு ரிட்டையராகிக் கராச்சர்மாவில் வீடு கட்டிக்கொண்டு, வாரம் தவறாமல் பஸ்ஸில் பஜாருக்கு வருகிறார்.

அவர் என்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு மட்டும், அன்றைய கப்பலைப் போல, இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.