ஒன்றரை மூட்டைப் பாரம்

இன்று காலை, சவர்க்காரத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த புது றப்பர் புஷ் ஒன்றை எடுத்து மூக்கருகே பிடித்துப் பார்த்தேன். நாற்பதை எட்டிப் பிடிக்கப்போகிற ஒரு மனிதன் அரைக் காற்சட்டையோடு முற்றத்தில் குந்தியிருந்து றப்பரை மோந்து பார்ப்பதைக் கண்டால் அயலவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தெரியும். நினைக்கட்டும். புது றப்பரும் சவர்க்காரமும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஏனென்று சொல்கிறேன், ஆறுதலாகக் கேளுங்கள்.

முதலில் இந்தப் புஷ் என்றால் என்னவென்று சொல்லவேண்டும். காரின் சில்லைத் தாங்குகிற இரும்புக் கைகள் மேலும் கீழும் அசையும் மூட்டுகளில், இரும்போடு இரும்பு உரசாமல் நடுவே திணித்திருக்கும் றப்பர்த் துண்டு அது. நமக்கு முழங்காலுக்குள் இருக்கும் சவ்வு மாதிரி. தேய்ந்தால் நாம் முனகுவோம், கார் கீச்சிடும். எங்கள் கார் கீச்சிட்ட கீச்சு ஸ்கந்தபுரம் முழுக்கப் பிரசித்தம்.

அந்தக் காருக்கு என் அப்பாவைவிட இரண்டு வயது குறைவு. சண்டை முடிந்து மீளக் குடியேறி இரண்டு மூன்று போகம் வயல் செய்த பிறகு, வவுனியாவில் ஒரு வீட்டுக் கோடியில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த நிலையில் அப்பா அதைக் கண்டுபிடித்தார். உழவு இயந்திரம் வாங்கப் போனவர் இங்கிலாந்துப் பழங்கார் ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். பின்சீற்றில் ஒரு கோழி முட்டையும் வந்தது. அம்மா முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். அன்று முழுவதும் அப்பாவோடு கதைக்கவில்லை.

ஆனால் கார் ஓடத் தொடங்கியதும் அம்மா மெல்ல மெல்லச் சமாதானமாகிவிட்டார். பள்ளிக்கூடத்து ரீச்சர் அல்லவா, தினமும் காரில் போய் இறங்குவதில் ஒரு பெருமை. வலப்பக்கம் அப்பா ஓட்டுவார். முன்சீற்றின் இடப்பக்கம் அம்மா. அவர் ஏறி உட்கார்ந்ததும் கார் இடப்பக்கம் சரிந்து, "கீ...ச்" என்று நீளமாக ஒரு சத்தம் போடும். எங்கள் ஒழுங்கையில் கீச்சு கேட்டால் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் என்று அதிபரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

எல்லாம் கோயில் திருவிழாவோடு கெட்டது. தேர் முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரம். அம்மா புதுச் சேலையோடு, பத்துப் பெண்கள் பார்த்திருக்கக் காரில் ஏறினார். கார் அன்றைக்கென்று ஒரு இராகமே பாடியது. அப்பாவின் தங்கை, துணுக்காய் மாமி, பக்கத்தில் நின்றவர் சும்மா இருந்திருக்கலாம்.

"மச்சாள், கார் பாவம். பாத்து இருங்கோ."

பத்துப் பெண்களும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டார், அதுதான் பெரிய பிழை. அம்மா கதவைத் திறந்து இறங்கி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் தரிப்பிடம் பக்கம் நடந்தார். கார் வாய் பொத்தினால்தான் இனி அதில் கால் வைப்பேன் என்று வீட்டுக்கு வந்து அறிவித்தார். சொன்னால் சொன்னதுதான். எங்கள் அம்மாவின் வாய்ச்சொல்லை நம்பிக் கல்வீடு கட்டலாம்.

அதன்பிறகு நடந்ததை நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அம்மா பஸ்ஸில் போவார். அப்பா வெறுங்காரை ஓட்டிக்கொண்டு பஸ்ஸின் பின்னால் போவார். தரிப்பிடத்தில் அம்மா இறங்கினால் அப்பா இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டு நிற்பார். அம்மா திரும்பியும் பாராமல் நடப்பார். கதவைச் சாத்திவிட்டு அப்பா வயலுக்குப் போவார். இப்படி ஒன்றரை மாதம். முல்லைத்தீவில் அம்மாவின் தம்பி மகளுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில்தான் போவேன் என்று அம்மா நின்றார். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் பக்கத்துச் சீற் வெறுமையாகக் கிடக்க அந்தக் கல்யாணத்துக்குப் போனால் தனக்கு அது ஒரு சீவியமா என்று என்னிடம் கேட்டார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, கிளிநொச்சியில் ஒரு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த எழுதுவினைஞர், கல்யாணம் ஆகாதவன். என்னிடம் கேட்டு என்ன பயன்?

ஆனால் ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் என்று ஒரு பெயர் எனக்கு இருந்தது. அந்தக் காரின் திருத்தப் புத்தகத்தைக் கொழும்பிலிருந்து ஒருவர் போட்டோக் கொப்பி எடுத்து அனுப்பியிருந்தார். ஒரு சனிக்கிழமை இருவரும் வேலையில் இறங்கினோம். வாசிப்பு நான், வேலை அப்பா.

எங்கள் வளவின் ஓரத்தில், சண்டைக் காலத்தில் செல்லடிக்கு ஒளிய வெட்டிய ‘ட’ வடிவப் பங்கர் ஒன்று மூடாமல் கிடந்தது. பாம்பு அடையும், மூடுங்கோ என்று அம்மா சொல்லாத நாளில்லை. காருக்கு அடியில் வேலை செய்யக் குழி வேணும் என்று அப்பா அதை மூட விடவில்லை. அதன் நீள்பக்கத்துக்கு மேலே காரை நிறுத்தினால், சில்லுகள் இரண்டு கரையிலும் நிற்கும். அப்பா உள்ளே இறங்கி, ஒரு வாங்கைப் போட்டு அமர்ந்து, ஒரு அரசனைப் போல அண்ணாந்து பார்ப்பார். பணம் கட்டித் திருத்துகிற கராஜில்கூட அப்படி வசதி கிடையாது.

பாலைக் கட்டை வைத்துக் காரைத் தூக்கி, பழைய புஷ்களைச் சுத்தியலால் அடித்துக் கழற்றி, புதியதைச் சவர்க்காரம் பூசி வழுக்கி உள்ளே தள்ளி, நட்டுகளை மூச்சைப் பிடித்து முறுக்கினோம். கட்டையை எடுத்துக் காரை இறக்கினால், அது இடத் தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சந்திவரை ஓடிப் பார்த்தோம். முன்பு ஏறும்போது மட்டும் கீச்சிட்டது, இப்போது ஒவ்வொரு குழிக்கும் கீச்சிட்டது. ஒழுங்கை நாய்கள் எல்லாம் எழும்பி நின்றன.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அடுத்த பக்கத்தை நான் புரட்டவே இல்லை. அங்கே முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் இருந்தது: கார் சில்லில் நிற்க, வழமையான பாரம் அதில் இருக்கும்போது மட்டுமே நட்டுகளை இறுக்கவேண்டும். தொங்கலில் வைத்து இறுக்கினால் றப்பர் முறுகிப்போகும். அப்பா சுத்தியலைத் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நட்டுகளைத் தளர்த்தினோம். றப்பர் கிழியாதது எங்கள் நல்ல காலம். இனி வழமையான பாரம் வேண்டும். இடப்பக்கத்து வழமையான பாரமோ காரில் ஏறமாட்டேன் என்று குசினிக்குள் இருக்கிறது. அப்பா கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். பிறகு உரப்பைகளில் கட்டியிருந்த விதைநெல்லை எடுத்துவரச் சொன்னார். ஒரு முழு மூட்டையை இடப்பக்கச் சீற்றில் வைத்தோம். அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தலையை ஆட்டினார். இன்னொரு பையில் பாதி கட்டி அதன் மேல் வைத்தோம். அப்போது அவர் முகத்தில் வந்த திருப்தியை நான் மறக்கமாட்டேன். ஒரு கம்பை நிலத்தில் ஊன்றி, சில்லுக்கு மேலே மட்காட்டின் விளிம்பு வரும் இடத்தில் என்னைக் கொண்டு ஒரு வெட்டுப் போடுவித்தார். இனி எந்தக் காலத்திலும் இதுதான் மட்டம் என்றார். யாரும் காணாதபடி மூட்டைகளைப் படுக்கை விரிப்பால் போர்த்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார்.

அந்த நேரம் பார்த்து அம்மா தேத்தண்ணியோடு வந்தார். சீற்றில் யாரோ முக்காடு போட்டுக்கொண்டு இருப்பது அவருக்குத் தெரிந்தது.

"ஆர் உது?"

"பாரம்," என்றார் குழிக்குள் இருந்து அப்பா.

"ஆரின்ர பாரம்?"

அம்மா விரிப்பைத் தூக்கினார். மூட்டைகளை எண்ணினார். எண்ணுவதற்கு அதிகம் இருக்கவில்லை, ஆனாலும் இரண்டு தரம் எண்ணினார்.

"ஒண்டரை மூட்டையோ? தம்பி, இறக்கு உதை. நான் ஒரு மூட்டைதான். இருந்து காட்டிறன் பார்."

தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டு, சபதத்தையும் மறந்து, நான் மூட்டைகளை இறக்கிய கையோடே ஏறிக் குந்திவிட்டார். நான் கம்பை ஊன்றினேன். பாரம் குறைவென்றால் கார் வெட்டுக்கு மேலே உயர்ந்து நிற்கவேண்டும். நண்பரே, மட்காட்டின் விளிம்பு அந்த வெட்டில் வந்து நின்றது. மயிரிழை மேலும் இல்லை, கீழும் இல்லை. தராசில் நிறுத்தாலும் அப்படி வராது. நான் குனிந்து குழிக்குள் பார்த்தேன். அப்பா இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு இருந்தார்.

"என்ன தம்பி, உயந்துதானே நிக்குது?"

"ஓமம்மா, நல்லா உயந்து நிக்குது," என்றேன்.

அம்மாவுக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்கவேண்டும். இனி இறங்கச் சொன்னாலும் இறங்கமாட்டார். பிள்ளைகளின் கொப்பிகளைக் கொண்டுவரச் சொல்லி, காருக்குள் இருந்தே திருத்தத் தொடங்கினார். ஒழுங்கையால் சைக்கிளில் போனவர்கள், ரீச்சர் எங்கே பயணம் என்று கேட்டார்கள். முல்லைத்தீவுக்கு என்று தலை நிமிராமல் சொன்னார். கார் ஒரு அடியும் நகரவில்லை, அவர் முகத்தில் கடற்காற்று அடித்தது. அவர் காலடியில் துருப்பிடித்து ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாகக் கீழிருந்து அப்பாவின் குரல் வரும்.

"இஞ்சேருமப்பா, கொஞ்சம் இடப்பக்கம் சரிஞ்சு இரும்."

"காணுமோ?"

"காணும். அப்பிடியே இரும்."

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அந்தக் காரில் அவர்கள் கதைத்த கதை அது. அன்பாகக் கதைக்கத் தெரிந்தவர்கள் இதைவிட நன்றாகக் கதைத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

கல்யாணத்துக்குக் காரில்தான் போனோம். மூச்சுக் காட்டவில்லை கார். மண்டப வாசலில் துணுக்காய் மாமி நிற்பதைக் கண்ட அம்மா இறங்கினார், கைப்பையை விட்டுவிட்டேன் என்று ஏறினார், இறங்கினார், கைலேஞ்சியைக் காணவில்லை என்று திரும்பவும் ஏறினார். மாமி பாவம், விளங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது அந்த வீதி காப்பெற் போட்டு வழுவழுவென்று கிடக்கிறது. பள்ளிக்கூட வாசலுக்கு அம்மா போவதில்லை, இளைப்பாறிவிட்டார். பங்கரை மூடி வாழை வைத்திருக்கிறோம். அப்பா போய் நான்கு வருடம். எனக்கு ஆற்றாமைதான், வேறென்ன சொல்ல. கார் மட்டும் போன மாதம் திரும்பவும் கீச்சிடத் தொடங்கியது. அன்று முல்லைத்தீவில் கல்யாணம் முடித்தவளின் புது வீட்டுக்குக் குடிபூரல் இன்று பின்னேரம். அப்பாவின் மட்டத்தில் நட்டை இறுக்காமல் போகக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். காலையிலிருந்து றப்பரும் நானுமாகக் கிடந்தது அதனால்தான்.

புஷ்களை மாட்டி முடித்துக் காரை இறக்கினேன். டிக்கிக்குள் இருந்த பழைய கம்பை எடுத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். சீனி வருத்தம் அவரை நன்றாக மெலிய வைத்துவிட்டது. வந்து, ஒரு கையால் கதவைப் பிடித்து, இடப்பக்கச் சீற்றில் இருந்தார். நான் கம்பை ஊன்றினேன். மட்காட்டின் விளிம்பு வெட்டுக்கு மேலே நின்றது.

"என்ன, உயந்து நிக்குதோ?"

"இல்லையம்மா. சரியா இருக்கு."

"அண்டைக்கும் பொய்தான் சொன்னனீ. பொய் சொன்னால் உன்ர காது சிவக்கும். அண்டைக்கே எனக்குத் தெரியும்." கம்பை எட்டிப் பார்த்துச் சொன்னார், "கொப்பர் கண்ணாலயே நிறுக்கிற மனிசன். ஒண்டரை எண்டால் ஒண்டரைதான். எவ்வளவு உயந்து நிக்குது?"

"ரெண்டு விரல்."

"அப்ப அந்த அரை மூட்டையைக் கொண்டுவந்து வை."

குசினிக்குப் பக்கத்து அறையிலிருந்து அரை மூட்டை நெல்லைத் தூக்கிவந்து அவர் காலடியில் வைத்தேன். விளிம்பு மெல்ல இறங்கி அப்பாவின் வெட்டில் வந்து நின்றது. பாயை விரித்து அடியில் படுத்து நட்டுகளை இறுக்கினேன். பின்னேரம் முல்லைத்தீவுக்கு வெளிக்கிடும்போது மூட்டையை இறக்கப் போனேன், அம்மா விடவில்லை. அப்பாவுக்கு மட்டம் பிழைத்தால் பிடிக்காது, அது கிடக்கட்டும் என்றார்.