தட்டில் மிஞ்சிய வாஷர்

"பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், இன்று காலை, எவர்சில்வர் தட்டின் ஓரத்தில் பித்தளை வாஷர் ஒன்று அநாதையாகக் கண்டெடுக்கப்பட்டுள்ளது. வயது தெரியவில்லை. நடுவில் ஓட்டை, மற்றபடி நலம். உரிமையாளர் தக்க விளக்கத்துடன் நேரில் வந்து பெற்றுச் செல்லவும். தவறினால் வாஷர் என் தங்கையின் மோதிரமாக அறிவிக்கப்படும்."

இதைத் தணிகைவேலுக்கு அனுப்பினேன். ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது டிக் எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, நம் வகுப்புத் தலைவி சுமதி போன் செய்தாள். "உக்காந்துருக்கியா?" என்று கேட்டாள். "ஏன், நாற்காலி விக்கிறியா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. தணி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான் என்றாள். காய்ச்சல் என்று லீவு போட்டவன். எனக்கு அழுகை வரவில்லை. வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தேன். அந்த வேலையை நான் அதுவரை செய்ததே இல்லை. அம்மா வந்து பார்த்துவிட்டு, "இன்னாடா ஆச்சு உனக்கு?" என்றாள்.

அவனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். கீழ்பென்னாத்தூர் பஸ் தாமதமானால் முதல் பீரியடில் கதவருகே வந்து நிற்பவன். பெயருக்கேற்ற மாதிரி தணிந்த குரல். நான் எதிலும் தணியாதவன். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததற்கு அகர வரிசையைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு அட்டைப் பெட்டி. அம்மா சமையல் வேலை பார்க்கும் விடுதியில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், ஊருக்குக் கிளம்பும்போது அதை விட்டுவிட்டுப் போனார். உள்ளே பித்தளைக் குழாய்கள், பல் சக்கரங்கள், ஒரு பிடி ஸ்குரூக்கள். எல்லாவற்றையும் சரியாகப் பூட்டினால் முழங்கை நீளத்துக்கு ஒரு நீராவி வண்டி வரும் என்று மூடியில் படம் போட்டிருந்தது. தணியின் அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர். அவன் படத்தைப் பார்த்ததும், "டீசல் வர்றதுக்கு முன்னாடி இதான்டா உழவு ஓட்டுச்சு. எங்க நைனா வண்டிக்குத் தாத்தா" என்றான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் எங்கள் மாடிக்கு வந்தான்.

முதல் தகராறு அச்சில் வந்தது. ஸ்குரூக்கள் தளர்வாக இருக்கும்வரை பக்கச் சக்கரம் வெண்ணெய் மாதிரிச் சுற்றும். இறுக்கினால் நின்றுவிடும். எண்ணெய் விட்டோம், அப்போதும் நின்றது. அரத்தை எடுத்து ராவிவிடலாம் என்று நான் சொன்னேன். "நீ ராவு, உன் மூக்கை ராவு" என்று அரத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். பிறகு எல்லா ஸ்குரூக்களையும் தளர்த்தினான். ஒருவர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர் ஒவ்வொரு ஸ்குரூவையும் கால் திருகு, எதிர்ப்பக்கத்தில் கால் திருகு என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். சக்கரம் எங்கே பிடிக்கிறதோ அங்கே ஒரு படி பின்வாங்க வேண்டும். "ஜாஸ்தி டைட் பண்ணக் கூடாதுடா. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பழகட்டும்" என்றான். சாயங்காலத்துக்குள் பழகிவிட்டன. இறுக்கிய பிறகும் சக்கரம் சுற்றியது.

வேலை முடிந்ததும் உதிரி பாகங்கள் வைத்த எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் பார்ப்பது அவன் வழக்கம். "தட்டுல மிச்சம் இருந்தா நெருப்பு வைக்கக் கூடாது" என்பது சட்டம். சட்டம் என்று ஒன்று இருந்தால் நான் சும்மா இருப்பேனா? பைக் மெக்கானிக் கடையிலிருந்து ஒரு வாஷரைக் கொண்டுவந்து தட்டில் போட்டு வைத்தேன். ஒரு ஞாயிறு முழுக்க எஞ்சினைப் பிரித்து அது எங்கிருந்து விழுந்தது என்று தேடினான். நான் சிரிப்பை அடக்க மாட்டாமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் வாஷரை ஒரு ஸ்குரூவில் மாட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். கோபமே இல்லை. "ஓட்டை பெருசா இருக்குது. இது நம்ம ஊரு வாஷர். உனக்கும் ஒரு நாள் வெப்பேன் மச்சி" என்றான்.

பிறகு நெருப்பு வைத்த நாள். பெட்டியில் எரிபொருள் இல்லை. இந்தக் கோயில் ஊரில் கற்பூரத்துக்கா பஞ்சம் என்று நான் யோசனை சொன்னேன். நீங்கள் எல்லாம் எங்களை 'ஆவி பிடிக்கிறவங்க' என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். அந்தப் பெயரை வைத்ததே நான்தான். இனி அதைச் சொல்ல மாட்டேன். கொதிகலம் கரி பிடித்துக் கறுத்தது, மாடி முழுக்கக் கோயில் வாசனை வந்தது, வண்டி உறுமியது. உறுமிவிட்டுப் பின்பக்கமாகவே போய், அம்மா வெயிலில் வைத்திருந்த ஊறுகாய் ஜாடியில் முட்டி நின்றது. நான் தலையில் கை வைத்தேன். தணி கை தட்டினான். "ஓடறது வேற, எந்தப் பக்கம் ஓடறது வேற. மொத பாதி முடிஞ்சுதுடா!"

ஆவியை உள்ளே விடும் நேரத்தை முடிவு செய்யும் வட்டத் துண்டு ஒன்று அச்சில் தலைகீழாகப் பூட்டப்பட்டிருந்தது. அதைத் திருப்பிப் போட, எல்லாவற்றையும் பிரித்தான். கரியைத் துடைத்தான். போன ஞாயிறு மறுபடி பூட்டி முடித்தபோது கண் எரிகிறது, உடம்பு வலிக்கிறது என்றான். "அடுத்த வாரம் முன்னாடி போவும் பாரு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். தட்டை அவன் கவிழ்த்துப் பார்த்தானா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அவன் சாவுக்குக் கீழ்பென்னாத்தூருக்கு நம் வகுப்பு மொத்தமும் போயிருந்தோம். டிராக்டரை ஓரமாக நிறுத்தி, அதன் மேல் குளிக்கப் போனவர்கள் சட்டைகளைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். அவன் அப்பா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த வண்டி ஓடுச்சாப்பா? பின்னாடியே போவுதுன்னு சொல்லினு இருந்தான்."

"இப்ப முன்னாடி போவும்ப்பா" என்றேன்.

"காரியத்தன்னிக்கு எடுத்தாயேன். ஒரு வாட்டி பாத்துக்கறோம்."

"நான் ஓட்டிக் காட்டறேன்ப்பா. கண்ணைக் கட்டிவிட்டாக் கூட ஓட்டுவேன்" என்றேன். பக்கத்தில் நின்ற நீங்கள் எல்லோரும் அதைக் கேட்டீர்கள்.

வீட்டுக்கு வந்து எஞ்சினுக்கு எதிரில் உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்த வாஷரை, பெட்டியில் உபரியாக வந்த ஒரு ஸ்குரூவில் மாட்டிப் பார்த்தேன். ஓட்டை கச்சிதமாக இருக்கிறது. அப்படியானால் எஞ்சினுடையது. ஆனால் தணி எனக்கு ஒன்று வைப்பதாக இருந்தால் அளவு பார்த்துத்தான் வைப்பான். என்னைப் போலச் சோம்பேறி இல்லை. பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பிரித்தால் அவன் கால் திருகு கால் திருகாக இறுக்கியதெல்லாம் போய்விடும். பிரிக்காமல் நெருப்பு வைக்க அவன் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அந்தச் சட்டத்தோடு விளையாடியது போதும் என்று தோன்றுகிறது.

பிரிக்கத்தான் போகிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்த எஞ்சினை நான் கட்டினேன் என்று கேன்டீனில் சொல்லியிருக்கிறேன், லேபில் சொல்லியிருக்கிறேன், பிரேயரில் மைக் பிடித்தும் சொன்னேன். நான் அதில் ஒரு ஸ்குரூ கூடத் திருகியதில்லை. ஸ்பேனர் எப்போதும் அவன் கையில்தான் இருந்தது. நான் எதிரில் உட்கார்ந்து ஒரு விரலால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, "பிடிக்குது", "விட்டுடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு வாஷரும், சக்கரம் எங்கே பிடிக்கிறது என்று தெரிந்த அந்த விரலும்.

காரியத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு இருக்கிறது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாராவது மாடிக்கு வாருங்கள். சக்கரத்தை நான் சுற்றுகிறேன்.